காங்கோ கச்சேரிக்கு மைக் செட் போட்ட கதை

போன வாரம் சுபாஷ் போன் செய்தான். எனக்குப் பிறகு எங்கள் கடையில் சத்தத்தைச் சரிபார்க்கிற மிக்ஸர் பலகையில் உட்காருகிறவன் அவன்தான். கல்யாணம், கட்சிக் கூட்டம், தேர்த் திருவிழா எதுவானாலும் மடியில் ஒரு டேப்லெட்டை வைத்துத் தடவிக்கொண்டே முடித்துவிடுவான். எங்களை மாதிரி கண்முன் பலகை வைத்து உட்கார வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

"அண்ணே, அடுத்த மாசம் ஆப்பிரிக்கா ப்ரோகிராம் வருது. நீ இல்லாம ஃபர்ஸ்ட் டைம் போறேன். போன தடவ வச்ச செட்டிங்க அப்படியே வாட்ஸ்அப்புல அனுப்பிடேன்" என்றான்.

அனுப்பிவிட்டேன். எந்த மைக் எத்தனையாவது சேனல், எந்த கிடார் எவ்வளவு உயரத்தில், ஸ்பீக்கர் பாக்ஸ் எந்தத் திசையில் என்று எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம்தான் வந்தது. ஆனால் மனசு ஆறவில்லை. அந்த ஒரு பக்கத்தை நம்பிப் போனால், முதல் தடவை நான் செய்த அதே தப்பை இவனும் செய்வான். நான் செய்தபோது ஒரு பெண் ஊர் முன்னால் தலைகுனிந்து நின்றாள். அதனால்தான் இதை எழுதுகிறேன். எனக்கு எழுத்து வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் மாகறல் பக்கம். அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். பத்தாவதில் கணக்கு என்னைக் கைவிட்டது, நானும் அதைக் கைவிட்டேன். பதினெட்டு வயதில் காஞ்சிபுரத்தில் மஸ்தான் பாய் கடையில் சேர்ந்தேன். முதல் இரண்டு வருடம் வயர் சுற்றினேன், மரமேறிக் குழாய் ஒலிபெருக்கி கட்டினேன். பிறகு ஆம்ப்ளிஃபயர், அதன் பிறகு மிக்ஸர். அப்படியே நாற்பது வருடம் ஓடிவிட்டது. வலது காது சரியாகக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் நானே எழுந்துகொண்டேன். ஒரு காதை வைத்துக்கொண்டு ஊரை ஏமாற்றக் கூடாது.

மஸ்தான் பாயைப் பற்றிச் சொல்லாமல் என் வேலையைப் பற்றிச் சொல்ல முடியாது. மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கடையில் நேற்றுச் சேர்ந்தவனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். எந்த மைதானத்துக்குப் போனாலும் வண்டியிலிருந்து பெட்டியை இறக்க விடமாட்டார். முதலில் இடத்தைச் சுற்றி நடப்பார். நான்கு மூலையிலும் நின்று ஒரு தடவை கைதட்டி, அந்தச் சத்தம் எங்கே போய் முட்டித் திரும்புகிறது என்று கேட்பார். எர்த்துக்கு இரும்புக் கம்பி அடித்து, அதில் உப்புத் தண்ணீரை அவர் கையாலேயே ஊற்றுவார். 'ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ' என்பது அவருக்கு அறவே பிடிக்காது. அன்றைய பேப்பரைக் கொடுத்து ஏதாவது ஒரு செய்தியை மைக்கில் படிக்கச் சொல்லுவார். நான் படிக்கப் படிக்க அவர் நடந்துபோய், கண்ணுக்கெட்டிய தூரத்தில் கடைசியாக இருக்கிற டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டு, "இப்ப மைக்ல இன்னா சொன்னாங்க?" என்று டீ மாஸ்டரைக் கேட்பார். மாஸ்டர் செய்தியைச் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் செட் சரி. சொல்லாவிட்டால் எல்லா பாக்ஸையும் மறுபடி திருப்ப வேண்டும்.

இன்னொரு விதி. நிகழ்ச்சி நடக்கும்போது மிக்ஸரில் இரண்டு கைதான் இருக்க வேண்டும், அது உட்கார்ந்திருக்கிறவனுடைய கையாகத்தான் இருக்க வேண்டும். முதலாளியே ஆனாலும் பாய் அதில் கைவைத்ததில்லை. ஏதாவது தப்பாகப் போனால் பக்கத்தில் வந்து கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார், அவ்வளவுதான். வாய்விட்டுத் திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், அந்த நிற்பைத் தாங்க முடியாது.

நான் சேர்ந்த புதிதில், ஊர் பெயர் வேண்டாம், ஒரு கிராமத்துத் திருவிழாவுக்குப் போனோம். நான் எந்தத் தெருப் பையன் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டார்கள். குழாய் கட்டலாம், ஆனால் பெட்டி இருக்கிற மண்டபத்துக்குள் நான் வரக் கூடாது என்றார்கள். மண்டபத்திலிருந்த ஆம்ப்ளிஃபயரைப் பாயே தூக்கி வந்து, ரோட்டோரம் எனக்குப் பக்கத்தில் வைத்தார். "என் ஆளு எங்க உக்கார்றாரோ அங்கதான் பெட்டி இருக்கும்" என்று விழாக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அத்தனை நீளத்துக்கும் வயர் இழுத்தார். அன்றைக்கே, இந்த மனிதர் பெயர் என்னால் கெடக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

மைக் செட்காரனுக்கு மேடையிலிருந்து பெயர் வந்தால் அது நல்லதற்கு இல்லை. இதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடுகிறவர் பெயர், தபேலாக்காரர் பெயர், சால்வை வாங்கிக் கொடுத்தவர் பெயர் எல்லாம் சொல்லுவார்கள். எங்கள் பெயர் வருவது, "மைக் செட் தானியேல், சவுண்ட கொறைப்பா" என்பதற்கு மட்டும்தான். நாற்பது வருடத்தில் அது உடம்பில் ஊறிவிட்டது. மேடையிலிருந்து 'தானியேல்' என்று காதில் விழுந்தால், என்ன ஏது என்று கேட்கும் முன்பே என் வலது கை, சத்தத்தை ஏற்றி இறக்குகிற ஃபேடரைக் கீழே இழுத்துவிடும். வீட்டில் என் மனைவி உரக்கக் கூப்பிட்டாலும் கை சோற்றுத் தட்டை இழுக்கும். அவள் இன்னும் சிரிப்பாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கிற கல்லூரிகளில் காங்கோ நாட்டுப் பிள்ளைகள் நிறையப் பேர் படிக்கிறார்கள். சில வருடம் முன்பு அவர்களில் கிளாரிஸ் என்ற பெண் ஒருநாள் எங்கள் கடைக்கு வந்தாள். இறுதியாண்டு. ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை செய்கிற பெண்களிடம் தமிழ் கற்றிருந்தாள். அதனால் அவள் பேச்சு முழுக்க நம்ம ஊர்ப் பேச்சுத்தான். ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் தங்கள் நாட்டுப் பாட்டு, ஆட்டம், சாப்பாடு, துணி எல்லாம் வைத்து ஒரு விழா நடத்தப்போவதாகச் சொன்னாள். யாருக்காக என்று பாய் கேட்டார்.

"ஊருக்காகத்தான் பாய். எங்களப் பாத்துக்கினே இருக்காங்க, பேச மாட்டேங்கறாங்க. பாட்டு கேட்டா பேசுவாங்க" என்றாள்.

அவளும் வேறு சில மாணவர்களும் திருப்புட்குழிப் பக்கம் ஒரு வீட்டில் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டுக்காரர் கன்னியம்மாள். கறுப்பு ஆட்களுக்கு வீடு கொடுக்காதே என்று தெருவே சொன்னபோது, நல்ல பிள்ளைகள் என்று துணிந்து கொடுத்த பெண்மணி. விழாவுக்கு வேன் வைத்துத் தெருவையே அழைத்து வந்தவரும் அவர்தான். நம்பாதவர்கள் வந்து பார்க்கட்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம்.

மண்டபம் நிறைந்தது. வாசலில் அவர்களுடைய பூப்போட்ட துணிகளை விரித்து வைத்திருந்தார்கள். நம்ம ஊர் ஆட்கள் அல்லவா, ஒவ்வொருவரும் துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்கள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சாயம் இறங்கியிருப்பதைப் பார்த்து ஒரு பெரியவர் தலையாட்டினார். நல்ல சகுனம் என்று நினைத்தேன்.

முதல் பாட்டு மெதுவாக, இனிமையாகப் போயிற்று. கிளாரிஸும் இரண்டு பேரும் சேர்ந்து பாடினார்கள். பின்னால் மூன்று கிடார், ஒரு டிரம் செட். நம்ம மெல்லிசைக் கச்சேரியில் பழகிய கை என்னுடையது. பாடகர் குரல் மேலே, மற்றதெல்லாம் கீழே என்று வைத்திருந்தேன். நாலைந்து நிமிடம் கழித்துப் பாடுவது நின்றது. டிரம் ஒரு உருட்டு உருட்டியது. பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் மைக் கூவாமல் இருக்க நாங்கள் எல்லாம் செய்கிற மாதிரி, விரல்களை விரித்து எல்லா ஃபேடரையும் ஒரே இழுப்பில் கீழே கொண்டுவந்தேன். அறிவிப்பாளர் மைக்கை மட்டும் திறந்தேன். அவரும் பழக்க தோஷத்தில், "அருமையான பாடல், நன்றி, நன்றி" என்று ஆரம்பித்துவிட்டார்.

சனம் கைதட்டியது. நம்ம ஆட்களுக்குத்தான் தெரியுமே, சத்தம் இறங்கினால் செருப்பைத் தேடுவார்கள். பாதிப் பேர் எழுந்துவிட்டார்கள். மேடையில் கிடார்க்காரன் ஃபிஸ்டன் முன்னால் வந்து மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தான், ஒன்றும் கேட்கவில்லை. கிளாரிஸ் அணைந்த மைக்கில் கத்திக்கொண்டிருந்தாள். வாய் அசைவது மட்டும் தெரிந்தது. ஏதோ தப்பு என்று எனக்கு உறைத்துக் கையை ஏற்றுவதற்குள் வாசலில் கூட்டம் நெருக்கியது. அடுத்தடுத்த பாட்டிலும் குரலை ஏற்றி, கிடாரை அமுக்கி, அவள் கத்துகிற இடத்தில் குறைத்து, என் இஷ்டத்துக்கு என்னென்னவோ செய்தேன். பாய் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார். கடைசியில் காலி நாற்காலிகளுக்குத்தான் பாடினார்கள்.

கன்னியம்மாளின் தெருக்காரர்கள் போகிற போக்கில், "இதுக்குத்தான் வேன் வச்சியாக்கா?" என்று கேலி பேசியது என் காதிலேயே விழுந்தது. அவர் முகம் செத்துப்போயிற்று.

நிகழ்ச்சி எப்படிப் போனாலும் வயர் சுற்றி முடிக்கும்வரை யாரும் எதுவும் பேசக் கூடாது என்பதும் பாய் விதிதான். குனிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். கிளாரிஸ் வந்து எதிரே நின்றாள். கோபமாகப் பேசியிருந்தால் எனக்கும் சௌகரியமாக இருந்திருக்கும்.

"நாங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லண்ணா. நீ முடிச்சிட்ட" என்றாள்.

மறுநாள் காலை பாய் என்னைக் கூப்பிட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது நல்ல அறிகுறி இல்லை. நேற்று என்ன நடந்தது என்று கேட்டார். பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்ததாகச் சொன்னேன்.

"யாரக் கேட்டு நெனச்சீங்க?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

"பாட்டுக் கச்சேரில தனி வருது. பாடறவரு வாய மூடிடறாரு, மிருதங்கம் மட்டும் போவுது. அப்ப மைக்க அணைப்பீங்களா தானியேலு? நேத்து வந்தது அவங்களோட தனி. போய்க் கேட்டுட்டு வாங்க. தெரியறவரைக்கும் கேளுங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் வண்டியை எடுத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போனேன். கிளாரிஸ் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"இன்னா வேணும்ணா?"

"பாட்டு கேக்க வந்தேன்மா."

"அன்னைக்குக் கேக்கலியா?"

"கேக்கல. அதான் வந்துருக்கேன்."

கதவை விட்டு விலகி வழிவிட்டாள். அப்போதுதான் தெரிந்தது, கன்னியம்மாள் வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் என்று. தெருவின் கேலியை அவரால் தாங்க முடியவில்லை. பரீட்சை முடிகிறவரை தவணை. கல்லூரியும் இனி விழா எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தது. கிளாரிஸ் மட்டும், ஊருக்குத் திரும்புவதற்குள் இன்னொரு தடவை நடத்தியே தீருவேன் என்று நின்றாள். மண்டபத்தில் இல்லை, இந்தத் தடவை திறந்த மைதானத்தில், போகிற வருகிறவன் எல்லாம் கேட்கிற மாதிரி. மைக் செட் எங்களுடையது என்று நானே சொன்னேன். அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிறு தவறாமல் போனேன். ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொண்டு மூலையில் உட்காருவேன். அவர்கள் பாட்டுக்கு இரண்டு பாதி. முதல் பாதி பாடுவது. அது முடிந்து டிரம் உருட்டியதும் இரண்டாவது பாதி. அதற்கு செபென் என்று பெயர். அதில் குரல் பின்னால் போய்விடும், கிடார்தான் முன்னால் வரும். ஆட்டம் அங்கேதான் ஆரம்பிக்கும். உண்மையில் அந்தப் பாதிக்காகத்தான் முதல் பாதியே. நான் கல்யாண வீட்டில் தாலி கட்டுகிற நேரம் பார்த்து மேளத்தை நிறுத்திய ஆள் என்று அப்போதுதான் புரிந்தது.

ஃபிஸ்டனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு அவன் பேசுகிற பிரெஞ்சும் லிங்காலாவும் தெரியாது. அவன் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மூன்று கிடாரையும் ஓடவிட்டு, ஒன்றின் சத்தத்தை மட்டும் கொஞ்சமாகக் குறைப்பான். அந்த ஒன்று குறைந்ததும் மற்ற இரண்டும் நொண்டும். மறுபடி ஏற்றுவான், நிமிரும். இப்படி மூன்றையும் மாற்றி மாற்றிக் காட்டினான். மூன்றும் ஒரே உயரத்தில் இருந்தால்தான் அது பாட்டு. காஞ்சிபுரத்துக்காரன் எதைச் சொன்னாலும் கடைசியில் தறியில் கொண்டுபோய்த்தான் முடிப்பான். நான் முடிக்கவில்லை, நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

கிளாரிஸ் செபெனில் கத்துகிறாளே, அது என்ன என்று ஒருநாள் கேட்டேன். பெயர் சொல்கிறாளாம். உதவி செய்தவர்கள், வந்திருக்கிற பெரியவர்கள், தூரத்தில் இருக்கிற சொந்தக்காரர்கள் எல்லோரையும் தாளத்துக்குள் வைத்துக் கூப்பிடுவது அவர்கள் வழக்கம்.

"பேரு சொல்லிட்டா அவங்க இங்கதான் இருக்காங்கன்னு அர்த்தம்ணா. எங்கம்மா கின்ஷாசால இருக்காங்க. தெனமும் சொல்றேன்" என்றாள்.

பிறகு உன்னிப்பாகக் கேட்டேன். மெஸ் அம்மா பெயர் வந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் பெயர் வந்தது. காலி செய்யச் சொன்ன கன்னியம்மாள் பெயர்கூட வந்தது. அத்தனை ஞாயிற்றுக்கிழமை மூலையில் உட்கார்ந்திருந்தேன், என் பெயர் ஒருநாளும் வரவில்லை. அவளிடம் நான் கேட்கவில்லை, கேட்க எனக்கு வாயும் இல்லை. ஆனால் அது சுருக்கென்று இருந்தது. எப்படியாவது இதைச் சரியாகச் செய்தே தீர வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது சொல்லிக்கொள்வேன்.

மைதானத்துக்கு அனுமதி வாங்கப் பாயும் நானும் அவளும் போனோம். காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டரம்மா மனுவை இரண்டு தடவை படித்தார். குழாய் கூடாது, பாக்ஸ்தான். ஆஸ்பத்திரி பக்கம் திரும்பக் கூடாது. எட்டு மணிக்கு முடித்துவிட வேண்டும். இதெல்லாம் எங்களுக்குப் பழகியதுதான். மைதானம் கிடைக்க அந்தப் பகுதி வியாபாரிகளின் தலைவர் சண்முகம் சொல்ல வேண்டியிருந்தது. அவர், தன்னைச் சிறப்பு விருந்தினராகப் போட்டால் சரி என்றார். அவர் கைகாட்டினால் பாதித் திருவிழாவுக்கு எங்கள் பெட்டிதான் போகும். கைகாட்டாவிட்டால் போகாது. பாய்க்கு அது நன்றாகத் தெரியும்.

அந்த நாளும் வந்தது. பாய் மைதானத்தைச் சுற்றி நடந்து, நான்கு மூலையிலும் கைதட்டினார். எர்த்துக்குத் தண்ணீர் ஊற்றினார். பேப்பர் படிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், கிடாரை வாசிக்கச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடைசி டீக்கடைக்கு நடந்தார். திரும்பி வந்து, "மாஸ்டருக்கு ரெண்டு கிடாருதான் கேக்குதாம்" என்றார். இடது பக்க பாக்ஸைத் திருப்பினோம். மறுபடி போனார். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது மூன்று விரலைக் காட்டினார்.

ஐந்தரைக்கு ஆரம்பித்தோம். கன்னியம்மாளும் வந்திருந்தார், தெருக்காரர்கள் யாரும் கூட இல்லாமல் ஓரமாகத் தனியே நின்றார். கடை சாத்திவிட்டு வந்தவர்கள், பஸ்ஸுக்கு நின்றவர்கள், தறியை நிறுத்திவிட்டு வந்த குடும்பங்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. தலைவரை மட்டும் காணவில்லை. அவருக்காகக் காத்திருந்தால் எட்டு மணி தாண்டிவிடும் என்று பாட்டைத் தொடங்கச் சொன்னார் பாய்.

முதல் பாட்டின் முதல் பாதி போயிற்று. கிளாரிஸ் பாடுவதை நிறுத்தினாள். டிரம் உருட்டியது. என் கை ஃபேடர்மேல் இருந்தது. கீழே இழுக்கவில்லை. மூன்று கிடாரையும் ஒன்றாக மேலே ஏற்றினேன். ஃபிஸ்டன் முன்னால் வந்தான். செருப்பைத் தேடக் குனிந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஆட்டக்காரர்கள் வரிசையாக இறங்கினார்கள். கூட்டம் ஒரு அடி முன்னால் நகர்ந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

சரியாக அந்த நேரத்தில்தான் தலைவரின் கார் வந்து நின்றது. அவருடைய ஆள், வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மிக்ஸருக்கு வந்தார்.

"தலைவர் வந்துட்டாரு. பாட்ட நிறுத்திட்டு மைக்க குடு" என்றார்.

அதுதான் நம்ம ஊர் வழக்கம். பெரியவர் வந்தால் எந்தப் பாட்டானாலும் நிற்கும். 'வருக வருக' என்பார்கள், சால்வை போடுவார்கள், அவர் உட்கார்ந்த பிறகு மீதிப் பாட்டு. எத்தனையோ மேடையில் நானே ஒரு யோசனையும் இல்லாமல் நிறுத்தியிருக்கிறேன். இப்போது நிறுத்தினால் கூட்டம் எழுந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு மூன்றாவது வாய்ப்பு கிடையாது.

"பாட்டு முடியட்டும் சார்" என்றேன்.

"யார் வந்துருக்காங்கன்னு தெரிஞ்சிதான் பேசறியா?" என்றார். அவர் கை பலகையை நோக்கி வந்தது. நான் இரண்டு கையையும் ஃபேடர்மேல் விரித்து மூடிக்கொண்டேன். அடித்தால்கூட எடுப்பதாக இல்லை.

பாய் பக்கத்தில் வந்து கைகட்டி நின்றார். இந்த மனிதரின் பிழைப்பில் கைவைக்கிறேனே என்று ஒரு பக்கம், நிறுத்தமாட்டேன் என்று ஒரு பக்கம். அப்போதுதான் கிளாரிஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. பெரியவர் வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதுதானே வெள்ளைச் சட்டைக்காரருக்கு வேண்டும்? அவள் பாட்டிலேயே அதற்கு இடம் இருக்கிறதே. ஒரு கையை மட்டும் எடுத்து, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தலைவரின் பெயரை ஆங்கில எழுத்தில் பெரிதாக எழுதினேன். மேடைக்குக் கொண்டுபோக ஆளில்லை. பாயிடம் நீட்டினேன். அவர் படித்துப் பார்த்தார். அந்த வயதில் கூட்டத்துக்குள் புகுந்து மேடைப் படி ஏறினார். பாய் மேடை ஏறி நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கிளாரிஸ் ஆடிக்கொண்டே சீட்டை வாங்கினாள். ஒரு சுற்று தாளம் போனது. பிறகு அவள் குரல் வந்தது.

"சண்முகம் ஐயா! சண்முகம் ஐயா! வழி வுடுங்கோ, ஐயா வர்றாரு!"

தாளத்தில் அப்படியே உட்கார்ந்தது. கூட்டம் அதைத் திருப்பிச் சொன்னது. மறுபடி சொன்னாள், மறுபடி சொன்னார்கள். தலைவர் முதலில் திகைத்து நின்றார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு நடந்து வந்தார். நடை அவரை அறியாமல் தாளத்துக்கு வந்துவிட்டது. மைக்கில் 'வருக வருக' சொல்லியிருந்தால் அதில் பாதி மகிழ்ச்சிகூட அவருக்கு வந்திருக்காது. வெள்ளைச் சட்டைக்காரர் என் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

அடுத்து கன்னியம்மாள் பெயரைக் கூப்பிட்டாள். அதற்குச் சீட்டு தேவைப்படவில்லை. ஓரத்தில் தனியே நின்றவரை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அதைப் பார்த்ததும் நம்ம ஆட்களுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. மெல்லிசைக் கச்சேரிக்குப் பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்புகிற ஊர் இது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்திலும் ரசீதிலும் சொந்தப் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதி மேடைக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். எல்லாப் பெயரையும் அவள் கூப்பிட்டாள். முருகேசனும் பாஷாவும் லட்சுமியும் அவள் வாயில் வேறு மாதிரி ஒலித்தார்கள், ஆனால் தப்பாக ஒலிக்கவில்லை.

பாய் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். எட்டு மணிக்குச் சில நிமிடம்தான் இருந்தது. கடைசிப் பாட்டின் செபென். சீட்டெல்லாம் தீர்ந்துவிட்டது. கிளாரிஸ் மேடையின் விளிம்புக்கு வந்து, கூட்டத்துக்கு மேலே மிக்ஸர் பக்கம் பார்த்தாள்.

"யா தானியேல்!" என்றாள். யா என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். "தானியேல் அண்ணா! தானியேல் அண்ணா!"

பெயர் காதில் விழுந்ததும் அத்தனை வருடப் பழக்கம் வேலையைக் காட்டிவிட்டது. சவுண்டு கூடிவிட்டது, எங்கோ கூவுகிறது, குறை என்று கை தானாக ஃபேடரைப் பிடித்துக் கீழே இழுக்கப் போனது.

என் கையின்மேல் இன்னொரு கை வந்து விழுந்தது. பாயுடைய கை. நிகழ்ச்சி நடக்கும்போது மிக்ஸர் பக்கமே கொண்டுபோகாத கை.

"புகார் இல்ல தானியேலு" என்றார் காதோடு. "உங்களத்தான் கூப்புடறாங்க. கைய எடுங்க."

எடுத்தேன். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியவில்லை. கூட்டம் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று கிடாரும் தனித்தனியாகக் கேட்டது. நான் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

வயர் சுற்றும்போது கன்னியம்மாள் அந்தப் பிள்ளைகளை அதட்டிக்கொண்டிருந்தார், சாப்பிட நேரமாகிவிட்டதாம். காலி செய்கிற பேச்சை அதன் பிறகு அவர் எடுக்கவில்லை. கிளாரிஸ் படிப்பு முடிந்து ஊருக்குப் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது அடுத்த பிள்ளைகள் இருக்கிறார்கள், வருடா வருடம் அவர்கள்தான் விழா நடத்துகிறார்கள்.

சுபாஷ், செட்டிங் எல்லாம் நான் அனுப்பியதே போதும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டுக்குப் போய் மூலையில் உட்கார். போகும்போது டேப்லெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போ. பாயால் இப்போது வெளியே வர முடியவில்லை, நானும் இருக்கமாட்டேன். மேடையிலிருந்து உன் பெயர் வரும்போது உன் கையைப் பிடிக்க ஆள் இருக்காது. நீயாகவே எடுத்துவிடு.